நாஸ் பெட்டிக்குப் பேக்கப்: 11 மெகாபைட்டைத் தாண்ட மறுக்கிறது

கோடவுன் கணக்கன்:

கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையின் கணினிகளுக்கு நான்தான் காவல்காரன். முன்கட்டு மாடியில், ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் மென்பொருள் போட்ட சர்வர்; அதில் நான்கு மெய்நிகர் கணினிகள். நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க் வழியே எழுதும் டிஸ்க் பெட்டி, பின்கட்டுக் கோடவுனின் மறுகோடியில் இருக்கிறது. தீப்பிடித்தால் இரண்டும் சேர்ந்து போகக்கூடாது என்று நானே அங்கே கொண்டுபோய் வைத்தேன்.

இரவு 10 மணிக்கு என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் ஒரு முறை) வழியாகப் பேக்கப் தொடங்கும். சுருக்கிய பிறகும் சுமார் 400 ஜிபி. முன்பெல்லாம் 1 மணிக்குள் முடிந்துவிடும். பத்து நாளாகக் காலை 8 மணி ஆகிறது. அந்த நேரத்தில்தான் சில்லறைக் கடைக்காரர்கள் சீட்டோடு வந்து நிற்பார்கள். பில் திரை நகராது. அண்ணாச்சி ஏறிட்டு என்னைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். திட்டினால்கூடத் தேவலை.

வேகம் நொடிக்கு 11 மெகாபைட். டிஸ்க்குகள் மேல்தான் எனக்குச் சந்தேகம்: நான்கும் நான்கு வருடமாக, ஒன்று கெட்டாலும் தரவு தப்பும் ரெய்டு 5 அமைப்பில் ஓடுபவை. ஆனால் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் சோதனையில் குறை எதுவும் காட்டவில்லை. என்எஃப்எஸ்ஸை விட்டு எஸ்எம்பி என்ற வேறு பகிர்வு முறை போட்டேன், அதே 11. சுருக்கத்தை நிறுத்தினேன், அதே 11. சுவிட்ச் கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட்), கேபிளும் அதைத் தாங்கும் கேட் 6 ரகம் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. புது டிஸ்க்குக்கு அண்ணாச்சியிடம் பணம் கேட்பதற்கு முன் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

பசுமலை வாசி:

பணம் கேட்காதீர்கள். நீங்கள் மூன்று முறை எழுதிய அந்த 11-தான் விஷயமே. தேய்ந்த டிஸ்க் 60-க்குப் போகும், 5-க்கு விழும், மறுபடி எழும். ஒரே எண்ணில் ஆணி அடித்ததுபோல் நிற்காது. எட்டு பிட் ஒரு பைட்; 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். தரவுப் பொட்டலங்களின் முகவரித் தலைப்புகளுக்குப் போக மிஞ்சுவது 11 சொச்சம். உங்கள் கிகாபிட் வழியில் எங்கோ ஓரிடம் 100-க்கு இறங்கி நிற்கிறது.

கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு இணைகளும், அதாவது எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணை போதும். மற்ற இரண்டு இணைகளில் ஒரு கம்பி அறுந்தால் பல கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி வேலையைத் தொடரும். பிழைச் செய்தி எதுவும் வராது, அதுதான் சங்கடம். சர்வரில் எத்டூல் கட்டளை போட்டு இணைப்பு வேகத்தைப் பாருங்கள். சுவிட்சின் ஒவ்வொரு போர்ட்டையும் பாருங்கள். பிறகு இரு முனைக்கும் இடையே ஐபெர்ஃப்3 ஓட்டுங்கள். அது டிஸ்க்கைத் தொடாது. கம்பியை மட்டும் அளக்கும்.

எல்லாம் புதுசு:

நான்கு வருடப் பெட்டியை வைத்துக்கொண்டு ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்? 10 கிகாபிட் சுவிட்சும் எஸ்எஸ்டி பெட்டியும் போட்டுவிடுங்கள்.

கோடவுன் கணக்கன்:

புதுசு ஐயா, நீங்களே வந்து அண்ணாச்சியிடம் சொல்லுங்கள். காபி என் செலவு.

பசுமலை ஐயா, சர்வர் முனையில் எத்டூல் 1000 என்றது. அதைப் பார்த்து உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன். கோடவுனுக்குப் போகும் சுவிட்ச் போர்ட்டில் 100 என்று இருந்தது. ஐபெர்ஃப்3: 94 மெகாபிட்.

ஏணி போட்டுக் கேபிளைத் தடவிக்கொண்டே போனேன். மிளகாய் வற்றல் மூட்டைகளுக்கு மேலே, உத்தரம் திரும்பும் இடத்தில் எலி கடித்திருக்கிறது. வெளியுறை அரை விரல் நீளத்துக்குக் கிழிந்து, நீலக் கம்பி ஒன்று மட்டும் துண்டாகத் தொங்கியது. மற்ற ஏழும் பத்திரம். வற்றல் நெடிக்கு எலி அண்டாது என்று அந்த வழியைக் காட்டியவர் அண்ணாச்சிதான். இதை அவரிடம் சொல்லவில்லை.

ஒட்டுப் போடாமல் முழுக் கேபிளையும் மாற்றிப் பிவிசி குழாய்க்குள் விட்டேன். இப்போது ஐபெர்ஃப்3-இல் 938 மெகாபிட். பேக்கப்பும் 108 மெகாபைட்டில் கிளம்பியது. ஆனால் மூன்று மெய்நிகர் கணினிகள் முடிந்து, 250 ஜிபி உள்ள நான்காவதில் 30-க்கு விழுந்துவிட்டது. மறுபடியும் கம்பியா?

பசுமலை வாசி:

இல்லை, இப்போதுதான் உங்கள் பழைய சந்தேகத்துக்கு வேலை. டிஸ்க் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள், எஸ்எம்ஆர் வகையாக இருக்கலாம். அதில் தடங்களை ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுவார்கள். நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து ஓடுகளையும் பெயர்த்து அடுக்க வேண்டும். முதலில் வருவதை ஒரு தற்காலிக இடத்தில் வேகமாக வாங்கிக்கொள்ளும். அது நிரம்பியதும் மூச்சு வாங்கும். அடுத்து டிஸ்க் வாங்கும்போது, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகை என்று கேட்டு வாங்குங்கள். வேகம் அவசரமென்றால் பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் ஒன்றைத் தனியாக நிறுவலாம். முதல் முறைக்குப் பிறகு மாறிய பகுதிகளை மட்டுமே அனுப்பும்.

ஒரு கேள்வி: இந்தப் பேக்கப்பில் ஒன்றையாவது மீட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

கோடவுன் கணக்கன்:

எஸ்எம்ஆர்தான். நான்குமே. ஆனாலும் நேற்று 12.45-க்கு முடிந்துவிட்டது, பழைய கணக்குக்கு அது சரிதான். டிஸ்க்கை இப்போதைக்குத் தொடப்போவதில்லை.

உங்கள் கேள்விக்கு அன்றைக்கே பதில் எழுதியிருந்தால் "இல்லை" என்றுதான் எழுதியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திய பிறகு பில்லிங் கணினியை வேறு பெயரில், நெட்வொர்க் இணைப்பைத் துண்டித்து மீட்டேன். 60 ஜிபி, ஒன்பதரை நிமிடம். திறந்தது. கடைசிப் பில் எண் கடையில் கிழித்த சீட்டோடு பொருந்தியது.