கோழிக்கூட்டு ‘ரிட்ஜ் வென்ட்’: முகட்டுப்போக்கி எனலாமா?

அனைவருக்கும் வணக்கம். கோழிக்கூட்டின் கூரை முகட்டில், கெட்ட காற்று வெளியேற விடும் திறப்பைத்தான் ஆங்கிலத்தில் ‘ரிட்ஜ் வென்ட்’ என்கிறார்கள். நம் சொற்பட்டியலுக்கு அதற்கொரு தமிழ்ச்சொல் தேடும்போது ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘முகட்டுக் காற்றோட்டம்’ என்றே வைத்துவிடலாம். காற்றோட்டம் எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே?

தெரிந்த சொல்தான் ஐயா, ஆனால் வேறு பொருளில் தெரிந்த சொல். தேவிபட்டினம் பக்கம் கோழி வளர்ப்பவரிடம் போய் ‘கூட்டுக்குக் காற்றோட்டம் போதாது’ என்று சொன்னால், ‘கடக்கரையில காத்துக்கா பஞ்சம்?’ என்று கேட்பார். நியாயமான கேள்வி. ஆனி, ஆடியில் கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும்போது கூரையில் ஓலை நிற்பதே பெரும்பாடு. ஐப்பசியில் வாடை திரும்பி மழை இறங்கியதும் சாரலுக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாயும் சாக்கும் கட்டிவிடுவார்கள். கேடு அங்கேதான் தொடங்குகிறது.

மூடிய கூட்டுக்குள் எச்சம் நனைந்து அமோனியா கிளம்பும். கோழிகள் மூச்சில் விடும் ஈரமும் சேர்ந்துகொள்ளும். காலையில் கதவைத் திறந்ததும் நமக்குக் கண் கரிக்கிறது என்றால், இரவு முழுக்க அவை அந்தக் காற்றைத்தான் இழுத்திருக்கின்றன. அமோனியா 25 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு) தாண்டக் கூடாது என்பது பண்ணைகளில் சொல்லும் வரம்பு. தாண்டினால் மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் செயலிழக்கும்; அப்புறம் சளி நோய் சுலபமாகப் பிடிக்கும். வெளியே காற்று ஊளையிடும், உள்ளே காற்று மாறவே மாறாது. ஆகவே நமக்கு வேண்டியது கெட்ட காற்று வெளியேறும் வழியைக் குறிக்கும் சொல்.

சூடான ஈரக்காற்று எடை குறைந்து மேலே ஏறும். முகட்டில் நீளவாக்கில் நாலு விரல் இடைவெளி விட்டு, அதற்கு மேலே சற்று உயர்த்தி, இரண்டு பக்கமும் நன்றாக இறங்கும்படி இன்னொரு சிறு கூரை போட்டால் அந்தக் காற்று வெளியே போய்விடும், மழையும் உள்ளே வராது. போகிற காற்றுக்கு ஈடாகப் புதுக்காற்று வர, கூரையின் தாழ்ந்த விளிம்பான இறவாரத்தின் கீழே திறப்பு வேண்டும். கோழி அடையும் கம்பு அந்தத் திறப்புக்குத் தாழ இருந்தால் வாடை நேராக மேலே அடிக்காது. இருக்கிற கூட்டிலேயே, சுவரை இடிக்காமல் செய்துவிடலாம். மரநாயும் பாம்பும் நுழையாமல் வலை அடிக்க வேண்டும். உப்புக்காற்றில் இரும்பு வலை சீக்கிரம் துருப்பிடித்து உதிரும், அதனால் அதை அடிக்கடி பார்த்து மாற்ற வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘முகட்டுக் காலதர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்து ‘மான்கண் காலதர்’ யாருக்குத்தான் பிடிக்காது! ஆனால் காலதர் என்பது சன்னல். காற்று அதன் வழியே வரவும் செய்யும், போகவும் செய்யும். நம் திறப்புக்குத் திசை உண்டு. வளி என்றால் காற்று என்பதை வைத்து ‘வளிபோக்கி’ என்று சொல்லலாம்; ஆனால் அதைக் காதால் கேட்டால் தைலத்தின் பெயர் மாதிரி ‘வலிபோக்கி’ ஆகிவிடுகிறது. எல்லோர் வாயிலும் புழங்கும் ‘புகைபோக்கி’யை ஒட்டி ‘முகட்டுப்போக்கி’ என்பதே என் முன்மொழிவு.

> புகைபோக்கி புகையைப் போக்குகிறது. முகட்டுப்போக்கி முகட்டைப் போக்குமா?

நல்ல கேள்வி. விடை சொல்லின் புணர்ச்சியிலேயே இருக்கிறது. ‘புகைபோக்கி’ என்பது ‘ஐ’ உருபு மறைந்து வரும் இரண்டாம் வேற்றுமைத் தொகை. அதனால் நடுவில் ஒற்று மிகவில்லை. முகட்டைப் போக்குவது என்றால் ‘முகடுபோக்கி’ என்றுதான் வரும். ‘முகட்டு’ என்று டகரம் இரட்டித்து, அடுத்துப் பகர ஒற்றும் மிகும்போது ‘முகட்டில் உள்ள போக்கி’ என்று பொருள் தெளிவாகிவிடுகிறது. ‘வீட்டுத்தோட்டம்’ எந்தத் தமிழர் காதிலும் வீட்டில் உள்ள தோட்டமாகத்தான் விழுகிறது. ஆகவே அந்த ‘ப்’பை யாரும் விட்டுவிடாமல் எழுத வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

கீழ்த் திறப்புக்கு ‘இறவார வாய்’ போதும். மடைவாய் என்று சொல்லிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு, வாய் என்றதும் உள்ளே வரும் வழி என்று புரியும். இரண்டு சொல்லையும் நம் சொற்பட்டியலில் அடுத்தடுத்துச் சேர்க்க வேண்டும். மேலே மட்டும் திறந்து கீழே அடைத்துவைத்தால் காற்று மாறாது.

முகட்டுக்கு மேல் போடும் அந்தச் சிறு கூரைக்குத்தான் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. மண்டபம், தொண்டிப் பக்கம் ஓலை வேய்கிறவர்களிடம் வழக்குச் சொல் இருந்தால் கேட்டு எழுதுங்கள்.