சோம்பேறின்னு நாலு வருசமா ஏசிட்டோம்

எங்க அண்ணனுக்கு ஸ்கிசோஃப்ரினியாங்குற மனநோய், ஆளில்லாமயே காதுல சத்தம் கேக்கும். அம்பாசமுத்திரம் பக்கம் ஊரு, மாசாமாசம் பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போயி மாத்திரை வாங்கிட்டு வருவோம். காதுல கேட்ட சத்தமெல்லாம் நின்னுட்டு, சரி ஆளு தேறிட்டாருன்னு இருந்தோம். ஆனா கடைக்கு அனுப்புனா உளுந்து புளி வெங்காயம்னு மூணு சொன்னா ஒண்ணோட வந்து நிப்பாரு, வயல்ல மோட்டாரப் போட்டுட்டு வந்துருவாரு, நிறுத்தணும்ங்க நெனப்பே வராது. அப்பா 'சோறு திங்க மட்டும் மறக்காதோ'ன்னு ஏசுவாவ. நானும் ஏசியிருக்கேன், பொய் சொல்லக்கூடாது.

போன வருசம் சைக்காலஜிஸ்ட் அம்மா ஒருத்தவங்க தாளக் குடுத்து, கடிகாரம் வரைஞ்சு 11 மணி 10 நிமிசத்துக்கு முள்ளு வைங்கன்னாங்க. வட்டம் அழகா போட்டாரு, நம்பரும் சரி. முள்ளு மட்டும் ஒண்ணு 10-லயும் ஒண்ணு 11-லயும் நிக்கி, பெரிய முள்ளு 2-லலா நிக்கணும்! பெறவு 100-ல இருந்து ஏழேழா கழிக்கச் சொன்னாங்க, 93, 86ன்னுட்டு 'என்ன கேட்டிய'ங்காரு. பள்ளிக்கூடத்துல கணக்குப் புலி வே அவரு. எனக்கு அங்கனயே தொண்டை அடைச்சிட்டு.

காதுல கேக்குற சத்தத்த மாத்திரை அடக்கும், கவனம் ஞாபகம் எத மொதல்ல செய்யணும்ங்க யோசனை இதுக்கெல்லாம் அவ்வளவா உதவாது, பழக்கித்தான் கொண்டுவரணும், அவரு வேணும்னு செய்யலன்னாங்க. இப்ப மோட்டாருக்கு போன்ல அலாரம் வச்சாச்சு, அது சரியா நடக்கு. கடைக்குச் சீட்டு எழுதிக் குடுத்தா சீட்டப் பாக்க மறந்துருதாரு.

வள்ளியூர்க்காரி:
அண்ணாச்சி, எங்க அம்மைக்குக் கை நடுக்கத்துக்குக் குடுத்த டிரைஹெக்சிஃபெனிடில் மாத்திரையே மறதியக் கூட்டிட்டு இருந்திருக்கு. டாக்டர் பையப் பையக் குறைச்சாரு, இப்ப பேரப்பிள்ளைய பேரு மாறாம கூப்பிடுதா. நீங்களா நிறுத்திராதிய, கேட்டுச் செய்யுங்க.

தென்காசிப் பையன்:
எங்க மாமா பெரிய குடிகாரரு. வார்டுல மூணு நாளா கட்டில விட்டு எறங்காத மனுசன் 'காலைல குத்தாலத்துல குளிச்சிட்டு இப்பதான் வாரேன், ஐந்தருவில நல்ல தண்ணி'ன்னு சொல்லுதாரு. அத்தை தலையில அடிச்சிக்கிட்டா. டாக்டர் சொன்னாரு, வைட்டமின் பி1 சத்து இல்லாம மூளை அடிவாங்கிட்டு, ஞாபகம் இல்லாத எடத்த அதுவா கதை போட்டு நெரப்புது, அவரு புளுகலன்னு. ஊசி போட்டு நடை சரியாச்சு, ஞாபகம் முழுசா வரல.

வள்ளியூர் அக்காவுக்கு என் பதில்:
இப்ப பெட்டியத் தொறந்து பாத்தேன், அந்த மாத்திரை அண்ணனுக்கும் இருக்கு. செவ்வாக்கெழமை போகும்போது கேக்கணும்.