200 தடவை வானத்திலிருந்து குதித்துவிட்டு வா என்றார்

லயத்துப்பையன், பந்திங்

பேஸ் ஜம்ப் பற்றி அவரவர் அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். கட்டடம், கோபுரம், பாலம், மலைப்பாறை என்று உயரமான இடத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பதுதான் பேஸ் ஜம்ப், பாராசூட்டை நாங்கள் குடை என்போம். முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான் இன்னும் ஒரு பேஸ் ஜம்ப்கூடச் செய்யவில்லை. ஏழு வருஷமாகத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். பந்திங்கில் என்னை "குதிக்காத குதிகாரன்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பா மோட்டார் சைக்கிளில் ஜுக்ரா மலைக்கு அழைத்துப் போவார். அங்கே பாராகிளைடர்காரர்கள் ஓடி வந்து காற்றில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அதற்கப்புறம் ஒருமுறை கேஎல் கோபுரத்தில் நடக்கும் அனைத்துலகக் குதிப்பைப் பார்க்கப் போனேன். 421 மீட்டர் கோபுரத்தின் திறந்த தளத்திலிருந்து ஒருவன் காலை எடுத்து வைத்ததும் வயிற்றுக்குள் என்னமோ புரண்டது. அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஓர் ஆஸ்திரேலியாக்காரர் நடைபாதையிலேயே குடையை விரித்து மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், "எனக்கும் கற்றுக்கொடுப்பீர்களா?" என்று கேட்டேன். "விமானத்திலிருந்து எத்தனை தடவை குதித்திருக்கிறாய்?" என்றார். ஒருமுறைகூட இல்லை என்றேன். சிரிக்கவில்லை. "200 குதித்துவிட்டு வா, பேசலாம்" என்றார். என்னை விரட்டத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, பேஸ் கற்றுக்கொடுக்கிற நல்ல ஆசிரியர்கள் ஏறக்குறைய எல்லோருமே 150, 200 என்றுதான் கேட்கிறார்கள்.

சரி, 200 எதற்கு? தைரியம் வருவதற்கு என்றுதான் நானும் நினைத்தேன். தைரியம் பத்தாவது குதிப்பிலேயே வந்துவிடுகிறது, சிக்கலே அதுதான்.

தாய்லாந்தில் பட்டாயா பக்கம் போய்க் கற்றுக்கொண்டேன். இரண்டு மாத ஓவர்டைம் காசு ஒரே பயணத்தில் கரைந்துவிடும். 25 குதிப்பில் அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் முதல் உரிமம் வாங்கலாம், வாங்கினேன். 60, 70 வரைக்கும் காற்றில் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் விழுந்து விளையாடினேன். அப்புறம் அந்த ஆஸ்திரேலியாக்காரருக்கு வீடியோ அனுப்பினேன். அவர் எழுதிய பதில் ஒரே வரி: "நீ விழுவது நன்றாக இருக்கிறது, இறங்குவதைக் காட்டு."

அங்கேதான் என் படிப்பு ஆரம்பித்தது. பேஸில் விழும் நேரம் கொஞ்சம். அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்துப் பெரின் பாலத்தில் வருஷம் முழுக்க அனுமதி கேட்காமலே குதிக்கலாம். ஆற்றுக்கு மேலே 148 மீட்டர். குடையே விரியாவிட்டால் ஐந்தரை விநாடியில் தண்ணீர். முதல் விநாடியில் ஐந்து மீட்டர்தான் விழுவோம், மூன்றாவது முடியும்போது 44 மீட்டர் போயிருக்கும். சாதாரண ஸ்கைடைவில், அதாவது விமானத்திலிருந்து குதிக்கும்போது, குடை மெல்ல விரிந்து முடிவதற்கே 200 மீட்டர் பக்கம் செலவாகிவிடும். ஆகவே பேஸில் வேலையெல்லாம் குடை விரிந்த பிறகுதான்: எந்தப் பக்கம் பார்த்து விரிந்தது, சுவரை விட்டு எப்படித் திருப்புவது, கீழே கிடைக்கிற ஒரு துண்டு இடத்தில் எப்படி இறங்குவது.

அதனால் 80க்கு மேல் விளையாட்டை விட்டேன். விமானத்தை விட்டு வெளியே வந்ததும் நாலைந்து விநாடியில் குடையைத் திறப்பேன். மீதி உயரம் முழுவதும் பழக்கம்தான். பிரேக்கை, அதாவது குடையின் வால் பக்கத்தைக் கீழே இழுக்கும் கயிற்றை, பாதி இழுத்து மெதுவாகப் பறப்பது, உயரம் இழக்காமல் தட்டையாகத் திரும்புவது, குடை எந்த இடத்தில் காற்றை விட்டுத் துவண்டு பின்னால் சாய்கிறது என்று மேலேயே தெரிந்துகொள்வது, பத்து மீட்டர் வட்டத்துக்குள் இறங்குவது. ஒரு தடவை வட்டத்துக்குள் இறங்கினால் போதாது, தொடர்ந்து பத்துத் தடவையும் இறங்கவேண்டும். பக்கக்காற்றிலும் இறங்கவேண்டும்.

குடையையும் மாற்றினேன். அதுவரை காற்று நிரம்பும் ஒன்பது அறை கொண்ட 170 சதுர அடிக் கேனபியில், அதாவது குடைத்துணியில், பறந்தேன், வேகமாக இருக்கும், நன்றாகச் சறுக்கும். பேஸ் குடை வேறு சாதி: ஏழு அறை, அகலம் குறைவு, உருவம் பெரிது, வேகம் கம்மி. என் எடையும் சாமான் எடையும் சேர்த்து 187 பவுண்டு. ஒரு சதுர அடிக்கு 0.7 பவுண்டு என்று வைத்தால் 265 சதுர அடிக்குப் பக்கத்தில் வருகிறது. ஸ்கைடைவ் திடலில் சின்னக் குடை வைத்திருப்பவனுக்குத்தான் மரியாதை. பாறை நடுவில் இறங்கும்போது பெரிய குடைதான் தாத்தா மாதிரிக் கையைப் பிடித்து இறக்கும்.

அம்மா ஒருநாள் நான் மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "ஆகாயத்துல இருந்து குதிக்கிறதுக்கு ரெண்டு குடை. இதுக்கு மட்டும் ஒண்ணா? தரை கிட்டக்க இருக்குன்னு ஒண்ணை விட்டுட்டாங்களா?" என் முகத்தில் ஈயாடவில்லை. அவர் சொன்னது ஒரு வகையில் சரிதான். அந்த உயரத்தில் முதல் குடை சரியில்லை என்று உணர்ந்து, வெட்டிவிட்டு, இரண்டாவதைத் திறக்க நேரமே இருக்காது. அதனால்தான் அந்த ஒரு குடையையும் வேறு மாதிரித் தைக்கிறார்கள்.

120ஆவது குதிப்பு என்று நினைக்கிறேன். ஒரு பேஸ் கேனபியைப் பெரிய மாணவர் பையில் மடித்து, ரிசர்வ் என்ற இரண்டாவது குடையோடு, 1500 மீட்டரில் வெளியே வந்தேன். குடை வலப்பக்கம் முக்கால் திருப்பம் திரும்பி விரிந்தது. என் கை தானாக டாகிளை, அதாவது பிரேக் கயிற்றின் கைப்பிடியை, தேடியது. தேடி, பிடித்து, பிரேக்கை அவிழ்த்து, திருப்பி முடித்தேன். பிரமாதமாக இறங்கினேன், கைதட்டல் வேறு. வீடியோவைப் பார்த்த ஆஸ்திரேலியாக்காரர் நேரம் எண்ணியிருக்கிறார்: மூன்றரை விநாடி. "பிரேக்கில் இருந்தாலும் விநாடிக்கு ஐந்து மீட்டர் முன்னே ஓடும் என்று வை. சுவர் 15 மீட்டரில் இருந்தால்?" என்று கேட்டார். தோளுக்கு மேலே குடைக் கயிறுகளைத் தாங்கும் பட்டைதான் ரைசர். பின் ரைசரைப் பிடித்து இழுத்தால் ஒரு விநாடியில் திரும்பத் தொடங்கியிருக்கும். கை முதலில் ரைசருக்குப் போகவேண்டும், டாகிள் அப்புறம். அதை என் கைக்குச் சொல்லிக்கொடுக்க இன்னும் நாற்பது குதிப்பு பிடித்தது.

அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். நீளக் கம்பில் கட்டிய அரிவாளை மட்டையில் வைப்பதற்கு முன்னால் குலையைப் பார்க்கமாட்டார், தன் காலைப் பார்ப்பார். எந்தப் பக்கம் நகரப் போகிறோம், அங்கே பள்ளமா, காய்ந்த மட்டையா என்று பார்த்துவிட்டுத்தான் இழுப்பார். இந்த வீடியோ கதையைச் சொன்னபோது, "வெட்டின பிறகு யோசிச்சா குலை தலையிலதான்" என்றார். அவருக்கு பேஸ் என்றால் என்னவென்றே தெரியாது.

---

கேரித் தீவு அக்கா

தம்பி, ஜுக்ரா என்றதும் எனக்கும் ஒன்று எழுதத் தோன்றியது. நான் குதிக்கிற ஆள் இல்லை. என் தம்பி பாராகிளைடர். ஒருநாள் அவனுக்கு நாசி லெமாக் கட்டிக்கொண்டு கீழே இறங்கு திடலில் காத்திருந்தேன். வேறொருவர் இறங்கிக்கொண்டிருந்தார், அழகாகத்தான் வந்தார். தென்னை உயரம்தான் இருக்கும், அந்நேரம் காற்று மாறியது. காற்றுக்கு எதிரேதான் இறங்கவேண்டும் என்ற அவசரத்தில் ஒரு பக்கம் முழுசாக இழுத்துத் திரும்பினார். குடை ஆளை ஊஞ்சல் மாதிரி வீசித் தரையில் அடித்தது. இடுப்பெலும்பு.

திரும்பாமல் காற்றோடேயே ஓடி இறங்கியிருந்தால் முட்டி சிராய்த்திருக்கும், அவ்வளவுதான் என்று தம்பி சொன்னான். தாழ்வில் திரும்பாதே என்பதை அவன் இப்போது வீட்டில் எதற்கெடுத்தாலும் சொல்கிறான், கார் ஓட்டும்போதுகூட.

---

கிள்ளான் காத்தாடி

நான் பெரினில் முதல் பாடம் முடித்தவன். 210 ஸ்கைடைவோடு போனேன். லயத்துப்பையன் சொன்ன கணக்குகள் சரி. சாமான் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் அங்கே போய்த்தான் எனக்குப் புரிந்தது.

ஸ்லைடர் என்று ஒரு சதுரத் துணி, கயிறுகளைச் சேர்த்துப் பிடித்துக் குடை படாரென்று திறக்காமல் பார்த்துக்கொள்ளும். ஸ்கைடைவில் அது இல்லாவிட்டால் முதுகு போய்விடும். பெரின் மாதிரித் தாழ்வான இடத்தில் வேகமே வருவதில்லை, அங்கே அதைக் கழற்றிவிடுகிறோம், குடை சீக்கிரம் திறக்கவேண்டும். கழற்றினால் வேறு ஆபத்து வருகிறது, ஏதாவதொரு கயிறு குடையின் மேலே மாட்டிக்கொள்ளலாம். அதற்காக வால் பக்கத்துக் கயிறுகளை ஒரு சின்ன வளையத்தால் சேர்த்துப் பிடித்து வைக்கிறார்கள். அப்படியும் மாட்டினால், அந்தப் பிரேக் கயிற்றை ரைசரிலிருந்து முழுசாக விட்டுவிட ஓர் ஏற்பாடு உண்டு. விட்ட பிறகு பின் ரைசரால் ஓட்டி இறங்கவேண்டும். கவனியுங்கள், மறுபடி ரைசர்தான்.

குடையின் அடித்துணியில் காற்று வாய் வைத்தது வாங்குங்கள். சீக்கிரம் உப்பும், பிரேக்கில் துவளாது. பைலட் சூட், அதாவது பெரிய குடையை வெளியே இழுக்கும் சின்னக் குடை, அதுவும் ஒரே அளவு இல்லை. வேகம் குறைந்த குதிப்புக்கு 42, 46, 48 அங்குலம், உயரமான மலையில் நிறைய விநாடி விழுந்தால் 36 பக்கம். மாற்றிப் போட்டால் இழுப்பு போதாது, அல்லது உங்களைப் பிய்த்துவிடும்.

என் முதல் குதிப்பில் ஆசிரியர் என் பைலட் சூட்டைக் கையில் பிடித்துக்கொண்டார். நான் பாலத்தை விட்டதும் அது அவர் கையிலிருந்தே குடையை வெளியே இழுத்துக் கொடுத்தது. நான் செய்தது நேராக வெளியே போனது ஒன்றுதான். அதையும் கொஞ்சம் கோணலாகச் செய்தேன். தலைகுப்புற.

இன்னொன்று. நார்வேயில் கெராக் என்ற மலையில் 1995 முதல் 2005 வரை நடந்த 20,850 குதிப்புகளை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வந்தது. ஒன்பது பேர் இறந்திருக்கிறார்கள். 2,317க்கு ஒன்று. அது விழுவதற்கு ஏராளமான உயரம் உள்ள இடம். வீட்டில் கேட்டால் இந்த எண்ணை மறைக்காதீர்கள், நான் மறைத்து மாட்டிக்கொண்டேன்.

---

புதுசு22

அண்ணே, எனக்கு 22 வயசு, 31 ஜம்ப். செகண்ட் ஹேண்ட் பேஸ் ரிக், குடையும் பையும் சேர்ந்தது, ஒண்ணு மலிவா வருது. வாங்கி வச்சுக்கிட்டா ஈப்போ பக்கம் சுண்ணாம்பு மலையில பழகலாம்னு ஒரு நண்பர் கூப்பிடுறார். அவர் 90 பண்ணியிருக்கார். பெலிக்ஸ் பாம்கார்ட்னர் 1999ல நம்ம இரட்டைக் கோபுரத்துல குதிச்சாரே, அவரெல்லாம் யாரைக் கேட்டார்?

---

லயத்துப்பையன், பந்திங்

தம்பி, பாம்கார்ட்னர் அதற்கு முன்னால் ராணுவத்தில் வானத்திலிருந்து குதித்துக்கொண்டிருந்தவர். அவரும் 2025இல் இத்தாலியில் மோட்டார் பாராகிளைடரில் விழுந்து போனார். யாரைக் கேட்டார் என்பதை அவர் பார்த்துக்கொண்டார், நீ என்னைக் கேட்டுவிட்டாய். அதனால் சொல்கிறேன்.

ரிக்கை இப்போது வாங்காதே. வாங்கினால் அது கட்டிலுக்கு அடியில் கிடந்து தினமும் உன்னைக் கூப்பிடும். ஒருவர் பழசு விற்றால் எத்தனை குதிப்பு, தண்ணீரில் விழுந்ததா, பிரேக் யாருடைய எடைக்கு வைத்தது என்று கேட்கத் தெரியவேண்டும். பிரேக் அளவு கொஞ்சம் ஆழம் அதிகமானால் குடை விரிந்ததும் பின்னால் சாயும், குறைந்தால் சுவரை நோக்கிப் பாயும். அது உனக்காக, உன் குடையில், மேலே பறந்து பார்த்துச் சரிசெய்யவேண்டிய விஷயம். 31இல் நீ எதைப் பார்ப்பாய்?

சுண்ணாம்பு மலை பற்றி: சுவர் நேராகத் தெரியும், நடுவில் திண்டு நீட்டிக்கொண்டிருக்கும், கீழே புதர், இறங்க இடமே இருக்காது. நண்பர் 90 பண்ணியிருக்கிறார் என்றால் அவருக்கே ஒருவர் வேண்டும். அவரிடம் ஒன்றே ஒன்று கேள்: குடை சுவரைப் பார்த்து விரிந்தால் உங்கள் கை முதலில் எங்கே போகும்? யோசித்துப் பதில் சொன்னார் என்றால் போகாதே.

காசு மிச்சம் பிடிக்க வழி கேட்டால், ஏழு அறைக் குடை ஒன்றைக் கடன் வாங்கித் தோட்டத்துப் பந்துத் திடலில் மாலைக் காற்றில் தலைக்கு மேல் நிறுத்திப் பழகு. செலவு இல்லை. ரைசரின் குணம் கையில் ஏறும். எங்கள் திடலில் பையன்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், கூலி ஒரு ஐஸ் கச்சாங்.

நான் இப்போது 186. இன்னும் பதினாலு இருக்கிறது. வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் குடையை விரித்து மடிக்கப் போகிறேன், ஏழு மணிக்கு மேல் தேவார வகுப்பு இருக்கிறது என்று தலைவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். வருகிறவர்கள் ஐந்துக்கே வாருங்கள். செருப்பை வெளியே விடவும், நைலான் துணியில் மணல் ஏறக்கூடாது.

---

கேரித் தீவு அக்கா

ஐந்துக்கு நான் நாசி லெமாக்கோடு வருகிறேன். உங்கள் அம்மா கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை, அதையும் பேசுவோம்.