காலணாவைத் தொடாதவர்கள் ஏன் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்?

கேள்வி:
பிரிட்டனில் ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருள் காட்டிய பற்றாக்குறையை நம்பி, துணை அஞ்சலகங்களை நடத்திவந்த 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டதாகப் படித்தேன். அவர்களில் பலர் தாமே குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. காலணாவைக்கூடத் தொடாதவர் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? அதன்பின் பெயரை எப்படி மீட்டார்கள்?

பதில் 1:
பலர் ஒப்புக்கொண்டது திருட்டை அன்று, பொய்க்கணக்கு எழுதியதை. கல்லாவில் இருக்கும் பணமும் திரையில் தெரியும் தொகையும் பொருந்தாவிட்டாலும், கணக்கு சரி என்று கையெழுத்திட்டால்தான் அடுத்த கணக்குக்காலத்தைத் தொடங்க முடியும். ஒப்பந்தப்படி குறையும் தொகையை அவர்களே கட்ட வேண்டும் என்று அஞ்சலக நிறுவனம் வற்புறுத்தியது. ஹாம்ப்ஷயர் கிராமம் ஒன்றில் கடையோடு அஞ்சலகமும் நடத்திய பெண்மணி, உதவி எண்ணில் சொன்னபடி விசைகளை அழுத்தியபோது, 2,000 பவுண்டு பற்றாக்குறை கண்ணெதிரே 4,000 ஆனது. வீட்டை அடமானம் வைத்துக் கட்டியும் தீரவில்லை. பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், ஹொரைசனைக் குறைசொல்லக் கூடாது என்ற நிபந்தனைகளுடன் திருட்டுக் குற்றச்சாட்டைக் கைவிட அந்நிறுவனம் முன்வந்தபோது, சிறைக்கு அஞ்சிய அவர் பொய்க்கணக்கை ஒப்புக்கொண்டார். இங்கிலாந்தில் இத்தகைய வழக்குகள் பெரும்பாலானவற்றில் புகார் சொன்னதும் புலனாய்ந்ததும் வழக்கு நடத்தியதும் அஞ்சலக நிறுவனமே என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பதில் 2:
மேலே உள்ள விளக்கத்தோடு சட்டத்தையும் சேர்க்க வேண்டும். கணினி சரியாக இயங்கியது என்பதை, அதன் பதிவைச் சான்றாகக் கொண்டுவருபவரே காட்ட வேண்டும் என்றிருந்த 1984ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவு 2000இல் நீக்கப்பட்டது. அதன்பின் பிழை இருந்ததற்கான அறிகுறியைக் காட்டும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் சாய்ந்தது. அதற்கு வேண்டிய பதிவுகளோ எதிர்த்தரப்பின் கையில் இருந்தன. போதாக்குறைக்கு, "உங்களுக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது" என்று நிறுவனத்தார் பலரிடமும் சொல்லியிருக்கிறார்கள்.

தனித்தனியாக நின்றவரை பெரும்பாலோருக்கு விடிவு கிடைக்கவில்லை. முன்பு துணை அஞ்சலகம் நடத்திய ஆலன் பேட்ஸ் என்பவரின் தலைமையில் 555 பேர் சேர்ந்து தொடுத்த உரிமையியல் வழக்கில்தான் பிழைப்பதிவுகள் வெளிவந்தன. ஹொரைசனை வழங்கிய புஜித்சு நிறுவனத்தின் ஊழியர்கள் தொலைவிலிருந்தே கிளைக் கணக்குகளை மாற்ற முடியும் என்பதும் உறுதியானது. மென்பொருளில் கோளாறே இல்லை என்ற வாதம் பூமி தட்டை என்பதற்கு ஒப்பானது என்று 2019 டிசம்பரில் நீதிபதி ஃப்ரேசர் எழுதினார். அந்தத் தீர்ப்பின் பலத்தில், 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைத் தீர்ப்புகளை ரத்து செய்தது. ஹாம்ப்ஷயர் பெண்மணியும் அவர்களில் ஒருவர். அந்த 555 பேருக்குச் சமரச ஒப்பந்தத்தில் கிடைத்த 5.775 கோடி பவுண்டில் பெரும்பகுதி வழக்குச் செலவுக்கே போய்விட்டது, அது வேறு கதை.

கேள்வி கேட்டவர்:
விளக்கத்துக்கு நன்றி ஐயா. அப்படியானால் எஞ்சியவர்கள் ஒவ்வொருவரும் தனியாக மேல்முறையீடு செய்ய வேண்டியிருந்ததா?

பதில் 2:
முதலில் அப்படித்தான் இருந்தது. மறுபடி நீதிமன்றப் படியேற மனமில்லாமல் பலர் ஒதுங்கியே இருந்தார்கள். 2024 மே மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி, விண்ணப்பம் எதுவும் இல்லாமலே இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் வழங்கப்பட்ட அத்தீர்ப்புகளை மொத்தமாக ரத்து செய்தது. ஆனால் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கெனவே பரிசீலித்துத் தள்ளிய சில வழக்குகள் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. முந்திக்கொண்டு நீதி கேட்டவர்களே வெளியில் நின்றது எனக்கு இன்னும் உறுத்துகிறது.