பெரியவர்களுக்கு ஏடிஹெச்டி: முதலில் யாரைப் பார்ப்பது?

வயது 27, சென்னை. ஏடிஹெச்டி (கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்புக் கோளாறு) இருக்குமோ என்று சந்தேகம். முதலில் தெரபிஸ்டா, டாக்டரா?

கரிசல்:
சைக்கியாட்ரிஸ்ட்தான், அதாவது மனநல டாக்டர். தெரபி தரும் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத முடியாது. அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே பெரியவர்களுக்கு ஏடிஹெச்டி பார்ப்பாரா என்று கேட்டுவிடுங்கள். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று துருவுவார். பழைய ரேங்க் கார்டில் டீச்சர் எழுதிய குறிப்புகள் கைகொடுக்கும். முடிந்தால் அம்மாவையும் கூட்டிப்போங்கள். போனில் போடும் பத்துக் கேள்வி டெஸ்ட்டெல்லாம் சந்தேகப்பட மட்டுமே உதவும்.

நீலா:
தைராய்டு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு எல்லாமே இதே மாதிரி தெரியும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏடிஹெச்டிக்குத் தரும் மெத்தில்பெனிடேட் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, எல்லாக் கடையிலும் இருக்காது. போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்க. மருந்தைத் தொடங்குமுன் பிபி, நாடித்துடிப்பு பார்க்கணும். வீட்டில் யாருக்காவது இதய நோய் இருந்தால் மறைக்காமல் சொல்லணும். இன்னொரு மருந்தான அட்டமாக்ஸெட்டின் என்றால் முழுப் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். பத்தே நாளில் "வேலை செய்யல" என்று நிறுத்திவிடாதீர்கள்.

கரிசல்:
தெரபிக்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவுள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகப் பாருங்கள். நேரத்தைத் திட்டமிடவும் வேலையைத் துண்டுகளாக்கவும் பயிற்சி தராமல் வெறுமனே பேசி அனுப்பினால், ஆளை மாற்றலாம்.