புறப்படுமுன் விரல்களைக் காட்டுங்கள்: கால்நடை நோய்த் தடுப்புப் பணியில் நாங்கள் பட்டவை

உசிலம்பட்டி வட்டாரம், கால்நடை ஆய்வாளர்:

நோய் கண்ட ஊருக்கு முதல்முறையாகப் போகவிருக்கும் தம்பிகள் சிலர், பையில் என்னென்ன எடுத்துவைக்க வேண்டும் என்று கேட்டார்கள். பையைப் பிறகு பார்க்கலாம், முதலில் உங்கள் உடம்பைப் பாருங்கள் என்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடைக் காலையில் ஆட்டுக்கிடை போடும் கீதாரி ஒருவர் போன் செய்தார். கிடையில் இரண்டு ஆடுகள் நின்ற நிலையிலேயே விழுந்து செத்துவிட்டன என்றார். நானும் உதவியாளரும் போனபோது வேப்பமரத்தடியில் ஓர் ஆடு வயிறு உப்பிக் கிடந்தது. மூக்கிலிருந்து கறுத்த இரத்தம் வழிந்திருந்தது. வெகுநேரமாகியும் அது உறையவில்லை. தோலையாவது உரிக்கலாம் என்று ஒருவர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். சத்தம் போட்டுத் தடுத்தேன். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருந்தால், அறுத்ததும் காற்றுப் பட்டு அந்தக் கிருமி வித்தாக மாறிவிடும். மண்ணில் பல பத்தாண்டுகள் சாகாமல் கிடக்கும்.

காதில் இரத்த மாதிரி எடுக்க உதவியாளர் கையுறை மாட்டும்போதுதான் கவனித்தேன். இடது ஆள்காட்டி விரலில் புதிய வெட்டு. முந்தின மாலை அகத்திக்கீரை அறுக்கையில் அரிவாள் பட்டதாம், மஞ்சள் அப்பியிருந்தார். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் கையுறைக்குள் மறைந்திருக்கும். மனிதத் தோலில் அடைப்பான் இறங்குவது இப்படிப்பட்ட காயத்தின் வழியாகத்தான். முதலில் வலிக்காத ஒரு கொப்புளம், பிறகு அதன் நடுவில் கரிபோல் ஒரு கறுப்பு. வலிக்காததால் அலட்சியமாக இருந்துவிடுவார்கள்.

அவரைத் தள்ளி நிற்கவைத்துக் கூட்டத்தை விலக்கச் சொன்னேன். மாதிரியை நானே எடுத்தேன். ஆறடிக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அன்றிலிருந்து வண்டி ஏறுமுன் எங்கள் குழுவில் எல்லோரும் இரு கைகளையும் விரித்துக் காட்டுகிறோம். குழி வெட்ட வரும் கூலியாட்களும் காட்ட வேண்டும். கவச உடை கணக்கிலும் தடுப்பூசிக் கணக்கிலும் அவர்களை விட்டுவிடுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

மேலூர்ப் பக்கம், கால்நடை உதவி மருத்துவர்:

என் அனுபவம் ஊசி பற்றியது. வேலைக்குச் சேர்ந்தபோது ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) முன்தடுப்பூசியை 0, 7, 21 ஆகிய நாள்களில் போட்டுக்கொண்டேன். அடுத்த ஆண்டு ஒரு பசு எச்சில் ஒழுக, தீனி எடுக்காமல் நின்றது. “மாங்கொட்டை அடைத்திருக்கும் டாக்டரம்மா” என்றார் வீட்டுக்காரர். அவசரத்தில் கையுறை இல்லாமலே தொண்டைக்குள் கைவிட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மறுநாள் அது குரல் மாறிக் கதறத் தொடங்கியது. ஒரு மாதத்துக்கு முன் நாய் கடித்ததை அப்போதுதான் அந்த வீட்டுப் பாட்டி சொன்னார்.

முன்பே ஊசி போட்டிருந்ததால் எனக்கு இரண்டே ஊசிகள் போதுமாக இருந்தன, அன்றும் மூன்று நாள் கழித்தும். எனக்கு முன்பே கைவிட்டுப் பார்த்த வீட்டுக்காரருக்கு முன்கையில் சிராய்ப்பு இருந்தது. அவருக்கு முழுத் தவணையும் போட்டு, காயத்திலேயே இம்யூனோகுளோபுலினும் (நோயை எதிர்க்கும் ஆயத்தப் புரதம்) செலுத்த வேண்டியதாயிற்று.

பறவைக் காய்ச்சல் பணிக்குப் போகிறவர்கள் சாதாரணப் பருவக் காய்ச்சலுக்கான ஊசியையும் போட்டுக்கொள்ளுங்கள். அது பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. ஆனால் இரண்டு வைரஸ்களும் ஒரே உடம்பில் சேர்ந்து புது வைரஸாக மாறும் வாய்ப்பைக் குறைக்கும். அது வேலைசெய்ய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அழைப்பு வந்த இரவில் ஓடிப்போய்ப் போட்டுப் பயனில்லை.

வாடிப்பட்டி, கால்நடை பராமரிப்பு உதவியாளர்:

ஒரு ஒத்திகையில் கையுறைமேல் குங்குமத்தைக் குழைத்துப் பூசிவிட்டு, கவச உடையைக் கழற்றச் சொன்னார்கள். மாட்டுவதில் எல்லோரும் தேறினோம். கழற்றியபின் கண்ணாடியில் பார்த்தால் எனக்குக் காது மடலிலும் தாடையிலும் சிவப்பு. வியர்வை கண்ணில் இறங்கியபோது என்னையறியாமல் முகத்தைத் தொட்டிருக்கிறேன். அதுவே எச்சமாகவோ சளியாகவோ இருந்திருந்தால்? நான்காவது முறைதான் சுத்தமாகக் கழற்றினேன்.

சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அந்த உடையோடு நிற்பது பெரும் பாடு. அன்று ஒருவர் மயங்கி விழுந்தார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

திருமங்கலம், புதிதாகச் சேர்ந்தவர்:

பழனிக்கு வேண்டிக்கொண்டு தாடி வளர்க்கிறேன் அண்ணே. என்-95 முகக்கவசம் போடலாமா?

உசிலம்பட்டி வட்டாரம், கால்நடை ஆய்வாளர்:

தாடிமேல் அது ஒட்டி நிற்காது தம்பி, ஓரத்தில் காற்று புகுந்துவிடும். வேண்டுதலை விடச் சொல்ல மாட்டேன். முடி இறக்கும்வரை பண்ணைக்குள் போக வேண்டாம், வாசலுக்கு வெளியே பதிவேட்டைப் பிடியுங்கள். எங்கள் சென்ற ஒத்திகையில் மாலை போட்டிருந்த தம்பி ஒருவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எப்போது வெளியே வர வேண்டும் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறித்துவைத்து, நேரமானதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அன்று ஒருவரும் மயங்கவில்லை.