ஒரே கம்பெனி கையில் சிக்காத தரவுத்தளம் எது?

கொழிஞ்சாம்பாறை: பாலக்காடு சித்தூர்ப் பக்கம் (ஆந்திரா சித்தூர் இல்லை) ஒரு பால் சொசைட்டிக்கு மென்பொருள் எழுதுகிறோம். காலை, மாலை இரண்டு வேளையும் லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பில்லாத திடப்பொருள்) பதிவாகும். தரவுத்தளம் போஸ்ட்கிரஸ், கேஷுக்கு (அடிக்கடி கேட்கும் தரவை நினைவகத்தில் வைத்திருக்க) ரெடிஸ். இரண்டும் ஓப்பன் சோர்ஸ்தான் (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பயன்படுத்தலாம்). ஆனால் நாளைக்கே உரிமத்தை மாற்றிவிட்டால்? முன்கூட்டியே எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

வேலந்தாவளம்: உரிமத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீங்க அண்ணா. ரெடிஸும் 2024 மார்ச் வரை பி.எஸ்.டி. என்ற தளர்வான உரிமம்தான். 7.4 பதிப்பிலிருந்து கட்டுப்பாடு கூடிய உரிமத்துக்கு மாற்றினார்கள். பி.எஸ்.டி. அதற்கு இடம் கொடுக்கும், பெயரும் கம்பெனியிடம் இருந்தது. உடனே 7.2.4 பதிப்பிலிருந்து வால்கீ என்ற தனித் திட்டம் பிரிந்தது, அது லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கற்ற அமைப்பில் இருக்கிறது. 2025இல் ரெடிஸ் 8 ஏ.ஜி.பி.எல். என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தையும் சேர்த்துக்கொண்டது வேறு கதை. பழைய பதிப்பின் உரிமத்தை யாரும் பிடுங்க முடியாது. அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் எத்தனை நாள் வரும் என்பதுதான் தலைவலி.

தேவிகுளம்: மூன்றைப் பாருங்க. பெயர் யாருடையது, கோடு (நிரல்) சேர்க்கும் அதிகாரம் யாரிடம், பங்களிப்பவர் கையெழுத்திடும் ஒப்பந்தம் யாருக்குப் போகிறது. ஒப்பந்தம் இருந்தாலே ஆபத்து என்றில்லை, லாப நோக்கற்ற அப்பாச்சி ஃபவுண்டேஷனும் கேட்கும். உரிமத்தை மாற்றும் அதிகாரத்தோடு ஒரு கம்பெனிக்குப் போனால்தான் யோசிக்கணும்.

போஸ்ட்கிரஸில் அப்படி ஒப்பந்தமே இல்லை. அதன் மையக்குழுவில் ஒரே நிறுவனத்தவர் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வழக்கம். 2020இல் ஈ.டி.பி. என்ற போஸ்ட்கிரஸ் கம்பெனி, செகண்ட் குவாட்ரன்ட் என்ற இன்னொரு போஸ்ட்கிரஸ் கம்பெனியை வாங்கியதும் ஐந்து பேரில் மூன்று பேர் ஒரே கம்பெனி ஆகிவிட்டார்கள். வேறு கம்பெனிக்காரர் இருவரைச் சேர்த்து ஏழு பேராக்கினார்கள்.

கொழிஞ்சாம்பாறை: கிட் ஷார்ட்லாக் (யார் எத்தனை மாற்றம் சேர்த்தார் என்று காட்டும் கட்டளை) ஓட்டி, மின்னஞ்சல் முகவரியை வைத்து எந்தக் கம்பெனி எவ்வளவு என்று எண்ணினால் போதாதா?

தேவிகுளம்: ஓரளவுக்குத்தான். கம்பெனிக்காரர் பலர் ஜிமெயிலில் எழுதுவார்கள், ஒருவருக்கே இரண்டு முகவரி இருக்கும். போஸ்ட்கிரஸில் இன்னும் மோசம்: கோடு எழுதியவர் பெயர் பெரும்பாலும் கமிட் (மாற்றத்தைச் சேர்க்கும் பதிவு) செய்திக்குள் 'ஆதர்' வரியில்தான் இருக்கும், ஷார்ட்லாக் காட்டுவது கமிட் செய்தவரை. ஸ்கிரிப்ட்டில் ஓட்டினால் கடைசியில் 'ஹெட்' (HEAD, இப்போதைய நிலை) கொடுங்க. இல்லாவிட்டால் உள்ளீட்டுக்காகச் சும்மா காத்திருக்கும்.

வேலந்தாவளம்: ஒன்று சொல்லட்டுமா? ஒரு சொசைட்டியின் பால் கணக்குக்குக் கேஷே வேண்டாம். உறுப்பினர் எண், தேதி, வேளை மூன்றுக்கும் சேர்த்து ஒரு இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) போடுங்க. ரெடிஸா வால்கீயா என்ற கேள்வியே எழாது.